சனி, ஞாயிறு நம்மவர்களோடு மட்டும்தானா? கொரியாவில் நம் வார இறுதிகள்

தேஜோன் ஆய்வகம்:
இங்கே வந்து இது மூன்றாவது ஆண்டு. போன மாதம் ஊரிலிருந்து அப்பா, "கொரியாக்காரங்க எப்படிப்பா, நல்லவங்களா?" என்று போனில் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. ஆய்வகத்தில் இருக்கும் நாலு பேரைத் தவிர யாரையும் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

முதல் இரண்டு ஆண்டும் என் சனிக்கிழமை ஒரே மாதிரிதான் போனது. காலையில் முகுங்வா ரயில், 10,800 வோன், இரண்டு மணி நேரத்தில் சியோல். இத்தேவோன் மசூதியைச் சுற்றியுள்ள கடைகளில் பருப்பு, புளி, மசாலா. அங்கேயே பிரியாணி. அப்புறம் ஒரு நண்பரின் அறையில் மாலை வரை விசா, சம்பளம், ஊர்க் கதை. இரவு ரயிலில் திரும்பி வந்து படுத்தால் ஞாயிறு துணி துவைப்பதிலேயே முடியும்.

ஏப்ரலில் இதை நிறுத்தினேன். இப்போது சனிக்கிழமை 107 ஆம் எண் பேருந்தில் தோங்ஹாக்சா போகிறேன். பிக்குணிகள் படிக்கும் கோயில் அது. அங்கிருந்து கெர்யோங்சான் மலை ஏறி, அண்ணன் தங்கை கோபுரங்கள் என்று சொல்லும் இரட்டைக் கல்கோபுரத்தைத் தாண்டி, மறுபக்கம் காப்சா கோயிலில் இறங்கலாம். முன்பு இந்தக் கோயில்களின் வாசலில் ஒரு கட்டணம் இருந்தது. 2023 மே மாதம் முதல் அதுவும் இல்லை.

இரண்டாவது முறை போனபோது இறக்கத்தில் முழங்கால் பிடித்துக்கொண்டது. பின்னால் வந்த ஒரு பெரியவர் தன் இரண்டு கைத்தடிகளில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, காப்சா வரை கூடவே நடந்தார். அவர் மனைவி பையிலிருந்து வெள்ளரிக்காய் எடுத்து உடைத்துக் கொடுத்தார். என் அரைகுறைக் கொரிய மொழியில் ஒன்றரை மணி நேரம் பேசினோம். இரண்டு ஆண்டில் நான் பேசிய கொரிய மொழியெல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வராது.

அதனால் நேராகவே சொல்கிறேன். வாராவாரம் நம்மவர்கள் கூடுவதை மாதம் ஒருமுறை என்று குறைக்க வேண்டும். இல்லையென்றால் கொரியாவில் வாழ்ந்தோம் என்று சொல்லிக்கொள்ள நமக்கு எதுவும் மிஞ்சாது.

சுவோன் அம்மா:
தம்பி, உங்கள் வாரத்தை அளவாக வைத்து எல்லோருக்கும் சட்டம் போடுகிறீர்கள். திங்கள் முதல் வெள்ளி வரை உங்களுக்கு ஓர் ஆய்வகம் இருக்கிறது, நாலு பேர் இருக்கிறார்கள். நான் எஃப்-3 விசாவில் கணவரோடு வந்தவள். வேலைக்குப் போக அனுமதி இல்லை. என் வார நாட்கள் முழுக்கவே கொரியாதான். எந்தக் குப்பையை எந்தப் பையில் போடுவது, மிச்சச் சோற்றை எங்கே கொட்டுவது, சுவரில் இருக்கும் ஒலிபெருக்கியில் அடுக்குமாடி அலுவலகம் ஏதோ அறிவிக்கிறதே, நாளைக்குத் தண்ணீர் வராதா, லிஃப்ட் ஓடாதா? கைபேசியை ஒலிபெருக்கிப் பக்கம் நீட்டி மொழிபெயர்க்கப் பார்ப்பதற்குள் அறிவிப்பு முடிந்துவிடும்.

மகளுக்கு ஐந்து வயது. ஒரினிஜிப் என்கிற மழலையர் காப்பகத்துக்குப் போகிறாள். சாப்பிடக் கூப்பிட்டால் "ஷிரோ" என்கிறாள், வேண்டாமாம். என்னையும் "ஓம்மா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். சனிக்கிழமை நாலு தமிழ்க் குடும்பங்கள் சேருகிறோம். ஹ்வாசோங் கோட்டை மதிலையொட்டி, யோன்முதே பக்கம் ஒரு பெரிய புல்வெளி இருக்கிறது. குழந்தைகள் பட்டம் விடுகிறார்கள். புளிசாதம் கட்டிக்கொண்டு போகிறோம். அந்த மூன்று மணி நேரம்தான் அவள் வேறு குழந்தைகளோடு தமிழில் சண்டை போடுகிறாள். இதை மாதம் ஒருமுறையாக்கு என்கிறீர்களா?

நாங்கள் அறைக்குள் பூட்டிக்கொண்டும் இல்லை. ஜோங்ஜோ மன்னர் 1796 இல் கட்டி முடித்த மதிலுக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறோம்.

சியோல் 11 ஆண்டு:
நான் இருவரோடும் ஒத்துப்போகவில்லை. தேஜோன் தம்பி, கைத்தடி கொடுத்த பெரியவரின் நல்ல மனசை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். மலையில் இவர்கள் வேறு மனிதர்கள். எதிரே வருபவருக்கெல்லாம் "அன்யோங்ஹாசேயோ" சொல்வார்கள், இருப்பதைப் பங்கு போடுவார்கள். அதே ஆளைத் திங்கட்கிழமை சுரங்க ரயிலில் பார்த்தால் முகம் திருப்பாமல் உட்கார்ந்திருப்பார். அவர் எண் உங்களிடம் இருக்கிறதா? மறுபடி பார்த்தீர்களா?

நானும் புகான்சான் உச்சிக்கு, 836 மீட்டர், ஆறேழு முறை போயிருக்கிறேன். அங்கே ஒரு நட்பும் கிடைக்கவில்லை. எனக்கு நட்பு கிடைத்தது சனிக்கிழமை மொழி வகுப்பில். அரசின் சமூக ஒருங்கிணைப்புத் திட்டத்தில் சேர்ந்து ஒரு நிலை விடாமல் படித்தேன். அங்கே உதவிக்கு வந்த ஓர் அம்மா நவம்பரில் கிம்சாங்குக்கு வீட்டுக்கு அழைத்தார். குளிர்காலம் முழுமைக்கும் கிம்ச்சி போட்டு வைக்கும் நாள் அது. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து, சீன முட்டைக்கோசு இலை ஒவ்வொன்றுக்கும் இடையில் மசாலா தடவி, மாலையில் இடுப்பு ஒடிந்து எழுந்தோம். மசாலாவில் உப்பிட்ட சின்ன இறாலை அள்ளிப் போடுவதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். கிம்ச்சி சைவம் என்று நம்பிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த தோழி ஒருத்தியை அன்று இரவே கூப்பிட்டுச் சொன்னேன். அந்த அம்மாவின் மகள் கல்யாணத்துக்கு நான் போனேன். என் அறுவை சிகிச்சைக்கு அவர் வந்து இரண்டு இரவு பக்கத்தில் படுத்திருந்தார்.

மொழி படிக்காமல் மலைக்குப் போனாலும் சரி, புல்வெளிக்குப் போனாலும் சரி, நாம் வெளியே நின்று பார்த்துக்கொண்டுதான் இருப்போம்.

தேஜோன் ஆய்வகம்:
அக்கா, எண் வாங்கவில்லை. அது உண்மைதான். ஆனால் வகுப்பில் படித்ததைப் பேச ஒரு வாய் வேண்டாமா? ஆய்வகத்தில் எல்லோரும் என்னைப் பார்த்ததும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். மலையில் யாரும் மாறுவதில்லை, நான்தான் திக்கித் திணறிப் பேசியாக வேண்டும்.

சுவோன் அக்கா, குழந்தைகளை நான் நினைத்துப் பார்க்கவில்லை. தவறுதான். உங்கள் சனிக்கிழமையைப் பற்றி நான் பேசியிருக்கக் கூடாது. நான் சொன்னது என்னைப் போலத் தனியாக இருக்கும் ஆய்வாளர்களை. அவர்கள் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

புசான் மாணவன்:
தேஜோன் அண்ணன் சொல்வதுதான் சரி. எங்கள் விடுதியில் இருப்பவர்கள் சனிக்கிழமை முழுக்கத் தூங்கி, இரவு முழுக்க ஊர்ப் படம் பார்க்கிறார்கள். இலகு ரயிலில் ஏறினால் கிம்ஹே. சூரோ மன்னர் கல்லறை என்று நிலையத்துக்கே பெயர். கடல் தாண்டி வந்து அவரை மணந்ததாகச் சொல்லும் அரசி ஹோ ஹ்வாங் ஓக் கல்லறையும் அந்த ஊரில்தான் இருக்கிறது. நம் ஆட்கள் அவர் கன்னியாகுமரிப் பக்கம் என்று அடித்துச் சொல்வார்கள். சம்குக் யுசா என்ற பழைய கொரிய நூலில் இருப்பது "அயுதா" என்ற நாட்டுப் பெயர் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு இவ்வளவு சண்டை போடுபவர்களில் எத்தனை பேர் அந்தக் கல்லறையைப் போய்ப் பார்த்தார்கள்?

குன்போ தம்பி:
எல்லாரும் எழுதினதை வாசித்தேன். நான் மட்டக்களப்பு. இ-9 என்கிற தொழிலாளர் விசாவில் வந்து நாலாவது வருஷம். பிளாஸ்டிக் வார்க்கிற கொம்பனி. ஒரு கிழமை பகல் வேலை, மற்றக் கிழமை இரவு வேலை. சனிக்கிழமையும் வேலை இருக்கும். எனக்கு வார இறுதி என்றால் ஞாயிறு ஒன்றுதான். தோட்ட வேலைக்கு வந்த என்ர கூட்டாளிக்கு அதுவும் இல்லை. விவசாயத்துக்கு வாராந்த விடுமுறைச் சட்டம் பொருந்தாதாம். மாதத்தில் இரண்டு நாள் லீவு கிடைத்தால் அவனுக்குப் பெருநாள்.

என்ர ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லுறன். கும்ஜோங்கில் நாலாம் இலக்க ரயில் ஏறி ஆன்சான் போவேன். வெளிநாட்டு ஆக்களுக்காக அங்கே ஞாயிறும் வங்கி திறந்திருக்கும். வரிசையில் நின்று வீட்டுக்குக் காசு அனுப்புவேன். அப்புறம் இரண்டு மணித்தியாலம் கொரிய மொழி வகுப்பு. பிறகு வொன்கோக்தோங் தெருவில் தேங்காய்ப்பால், கருவாடு, மிளகாய்த்தூள். அந்தத் தெருவில் சீனர், உஸ்பெக், இந்தோனேசியர், எங்கட ஆக்கள் எல்லாரும் நிற்பார்கள். ஒரு கடை வாசலில் எங்கட பெடியள் நாலைந்து பேரோடு நின்று அரை மணித்தியாலம் தமிழில் கதைப்பேன். அந்தக் கிழமை முழுக்க நான் தமிழ் கதைத்தது அந்த அரை மணித்தியாலம்தான். ஏழு மணிக்கு அறைக்கு வந்து ஒரு கிழமைக்கு மீன் குழம்பு வைத்துப் பெட்டியில் போட்டு வைப்பேன்.

சியோல் அக்கா, மொழி படிக்கச் சொல்லுறீங்கள். நான் நட்புக்காகப் படிக்கேல்லை. இ-9 இல் குடும்பத்தைக் கூப்பிட ஏலாது. இ-7-4 என்கிற திறன் தொழிலாளர் விசா எடுத்தால் மனைவியையும் மகளையும் கூப்பிடலாம். அதற்கு நாலு வருஷ வேலையும் வேணும், மொழிப் புள்ளியும் வேணும். 2023 இல் அந்த விசாவுக்கு 35,000 இடம் என்று கூட்டினார்கள், அன்றிலிருந்து ஞாயிறு வகுப்பு நிரம்பி வழியுது. பகல் முழுக்க வகுப்பில் இருந்தவன் இரவு வேலைக்குப் போகிறதும் நடக்குது.

தேஜோன் அண்ணை, மலை நல்லதுதான். ஆனால் "வாழ்ந்தோம் என்று சொல்ல எதுவும் மிஞ்சாது" என்று எழுதினீங்கள் பாருங்கோ, அது எனக்கு வலித்தது. வங்கி வரிசையில் நிற்கிறதும் நான் இங்கே வாழுறதுதான்.

சுவோன் அம்மா:
குன்போ தம்பி, மகளுக்கு என்ன வயது? என் மகளின் கொரிய எழுத்துப் புத்தகங்கள் இங்கே சும்மா கிடக்கின்றன. வந்ததும் தேவைப்படும், எடுத்து வைக்கிறேன்.

சியோல் 11 ஆண்டு:
தம்பி, நான் படித்த காலத்தில் எனக்குச் சனி, ஞாயிறு இரண்டும் ஓய்வு. அதை மறந்துவிட்டு எழுதினேன். இருந்தாலும் ஒன்று கேட்கிறேன், வகுப்பில் கொரிய உதவியாளர்கள் யாரும் வருவதில்லையா? விசா நேரத்தில் கொம்பனி கையெழுத்துப் போடத் தயங்கினால் கூட வந்து பேச ஒரு கொரியர் இருப்பது பெரிய பலம். நட்பு என்று நான் சொன்னதில் அதுவும் அடக்கம்.

தேஜோன் ஆய்வகம்:
அந்த வரியை எழுதியதற்கு மன்னித்துவிடுங்கள், தம்பி. மாதம் ஒருமுறை என்று சொன்னது இப்போதும் என் போன்றவர்களுக்குப் பொருந்தும் என்றே நினைக்கிறேன். உங்கள் ஞாயிறுக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஒரு விஷயம் மட்டும். கும்ஜோங்கிலிருந்து ஆன்சான் போகும் அதே பாதையில் இரண்டாவது நிலையத்தின் பெயர் சூரிசான். "சான்" என்றால் மலை. அங்கே உண்மையாகவே ஒரு மலை இருக்கிறது, 489 மீட்டர்தான். சூசோக் அறுவடைத் திருநாள் விடுமுறையில் ஆலை மூடுவார்கள் அல்லவா? நான் காலை ரயிலில் வந்துவிடுகிறேன். வெள்ளரிக்காய் என் பொறுப்பு.

குன்போ தம்பி:
நாலு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் அந்த நிலையத்தைத் தாண்டித்தான் போறன் அண்ணை. வாங்கோ. ஆனால் மதியம் இரண்டு மணிக்குள் இறங்கிவிட வேணும், மகள் வீடியோவில் வருகிற நேரம். சுவோன் அக்கா, அவளுக்கு ஆறு வயது.