10 நாள் மோட்டார்ஹோம் பயணம்: புறப்படும் முன் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி

வணக்கம். நானும் என் மனைவியும், 9 வயதும் 6 வயதுமான எங்கள் பிள்ளைகளும், என் தாயாருமாக ஐந்து பேர், அடுத்த மாதம் ஒரு மோட்டார்ஹோமை (படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே அமைந்த வீட்டு வண்டியை) வாடகைக்கு எடுத்து 10 நாள் பயணம் செல்லவிருக்கிறோம். வண்டியின் நீளம் 7 மீட்டர். உயரம் 3 மீட்டருக்குச் சற்று அதிகம். இதுவரை நான் காரைத் தவிர வேறு எதையும் ஓட்டியதில்லை. நாளொன்றுக்கு 400 கிலோமீட்டர் ஓட்டி, ஒவ்வோர் இரவும் ஒரு புதிய இடத்தில் தங்குவதாகத் திட்டமிட்டிருக்கிறேன். வண்டியைப் பெற்றுக்கொள்ளும்போது எவற்றைச் சரிபார்க்க வேண்டும் என்பதையும், முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு இந்தப் பயணம் சிரமமாகிவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1

முதலில் சீட் பெல்ட்டுகளை எண்ணிப் பாருங்கள். "ஆறு பேர் படுக்கலாம்" என்று சொல்லப்படும் வண்டியில் நான்கு பேர் மட்டுமே பெல்ட் அணிந்து உட்கார்ந்து செல்ல முடியும் என்ற நிலை மிகச் சாதாரணம். ஓடும் வண்டியில் பிள்ளைகளைக் கட்டிலில் படுக்க வைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்காதீர்கள்.

அடுத்தது எடை. வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச எடையிலிருந்து அதன் வெற்று எடையைக் கழித்தால் கிடைப்பதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. அதில் ஐந்து பேரின் உடல் எடையும், லிட்டருக்கு ஒரு கிலோ வீதம் தொட்டியிலுள்ள தண்ணீரும் அடங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தங்குமிடத்தில் தண்ணீர் கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் தொட்டியை நிரப்பிக்கொண்டு ஓட்ட வேண்டியதில்லை. கனமான பொருள்களைத் தாழ்வான அலமாரிகளில், முடிந்தவரை முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையே வையுங்கள்.

டயரின் பட்டைகள் ஆழமாகத் தெரிந்தாலும் அதன் வயதைப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் பொறித்திருக்கும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் தயாரானது. இத்தகைய வண்டிகள் மாதக்கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்பதால், தேய்மானம் தெரியாமலேயே ரப்பரில் வெடிப்புகள் விழுந்திருக்கலாம்.

ஓட்டுவதைப் பொறுத்தவரை, வண்டியின் உயரத்தை மேற்கூரையில் உள்ள ஏசியையும் சேர்த்து அளந்து, பெரிய எழுத்தில் எழுதி ஸ்டீயரிங் அருகே ஒட்டிவிடுங்கள். பின்சக்கரங்களுக்குப் பின்னால் நீண்டிருக்கும் பகுதி, நீங்கள் இடப்புறம் திரும்பும்போது வலப்புறமாக வெளியே வீசும். சுவரையொட்டி நிறுத்திய வண்டியை எடுக்கும்போது பெரும்பாலும் அடிபடுவது அந்த மூலைதான். நீண்ட இறக்கங்களில் பிரேக்கை மட்டும் நம்பாமல், இறங்கத் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 2

மேலே எழுதியிருப்பவர் வண்டியைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் எங்கள் முதல் பயணத்தில் நாங்கள் தவறியது அங்கேதான். கழிப்பறைத் தொட்டியின் வால்வை, தங்கும் முகாமின் கழிவுநீர்க் குழாயுடன் இணைத்துத் திறந்தே வைத்துவிட்டால் வேலை மிச்சம் என்று நினைத்தோம். திரவம் உடனுக்குடன் வடிந்து போக, திடக்கழிவு மட்டும் தொட்டியின் அடியில் குவிந்து இறுகிவிட்டது. நான்காம் நாள் காலையில் கையுறை மாட்டிக்கொண்டு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, மூன்று மணி நேரத்துக்குப் பிறகே அதைக் கரைக்க முடிந்தது. வால்வை மூடியே வைத்து, தொட்டி முக்கால் பங்காவது நிறைந்த பிறகு ஒரே வேகத்தில் திறந்துவிட வேண்டும். அதை முடித்தபின் குளியல், பாத்திரம் கழுவிய தண்ணீரின் தொட்டியைத் திறந்தால் அந்த நீரே குழாயைக் கழுவிவிடும். குடிநீர் நிரப்பும் குழாயும் கழிவுப் பக்கத்தில் பயன்படுத்தும் குழாயும் ஒரே பெட்டியில் இருக்கவே கூடாது.

மின்சாரத்தில் எச்சரிக்கை தேவை. 100 ஆம்பியர்-மணி கொண்ட ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும் என்பதால், உங்கள் கைக்கு வருவது ஏறக்குறைய 50தான். 1500 வாட் கெட்டிலை இன்வெர்ட்டர் வழியே இயக்கினால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 125 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். வெந்நீரை அடுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சமையல் வாயு காற்றைவிடக் கனமானதால் கசிந்தால் தரையோரம் தேங்கும். அதற்கான அலாரம் கீழே பொருத்தப்பட்டிருக்கும். கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாதது, உறங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும். ஆகவே இந்த இரண்டுக்குமான அலாரங்களையும் வண்டியைப் பெற்றுக்கொள்ளும்போதே பொத்தானை அழுத்தி ஒலிக்க வைத்துக் கேளுங்கள். குளிர் காய்வதற்காக அடுப்பை ஒருபோதும் எரிய விடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று நேரில் சென்று எண்ணிப் பார்த்தேன். நான்கு பெல்ட்டுகளே இருந்தன. ஐந்து பெல்ட்டுகள் உள்ள வேறொரு வண்டியைப் பதிவு செய்துவிட்டேன். இனி எஞ்சியிருப்பது தூரமும் அம்மாவும்தான்.

பதில் 3

400 கிலோமீட்டரைப் பாதியாகக் குறையுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. கைப்பேசி வரைபடம் காட்டும் நேரம் காருக்கானது. இந்த வண்டியில் ஒவ்வொரு முறை புறப்படும்போதும் அலமாரிகளைத் தாழிட்டு, ஜன்னல்களையும் மேற்கூரைத் துவாரங்களையும் மூடி, மின்கம்பியைக் கழற்றிச் சுற்றி வைப்பதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். தினமும் இடம் மாறினால் இந்த வேலையைத்தான் விடுமுறையாக அனுபவிப்பீர்கள். ஓரிடத்தில் குறைந்தது இரண்டு இரவுகள் தங்குங்கள், வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். இருட்டில் பின்னோக்கி நிறுத்துவதும் மரக்கிளைகளைக் கணிப்பதும் புதியவருக்கு மிகக் கடினம். முதல் இரவை வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவிலேயே கழித்தால், விடுபட்ட பொருளையோ வேலை செய்யாத பம்பையோ மறுநாள் காலையிலேயே சரிசெய்துகொள்ளலாம்.

அம்மாவுக்கு மேல் கட்டிலும் வேண்டாம், ஏணியும் வேண்டாம். வாசலின் முதல் படி தரையிலிருந்து உயரமாக இருக்கும். அதற்குக் கீழே வைக்க, வழுக்காத மேற்பரப்புள்ள அகலமான முக்காலிப்படி ஒன்றைக் கொண்டு செல்லுங்கள். கழிப்பறை செல்லும் வழியில் சிறிய இரவு விளக்கு ஒன்று எரியட்டும். வண்டி சாய்ந்து நின்றால் படுத்தவர் தலைக்கு இரத்தம் ஏறுவதுபோல் உணர்வார் என்பதால், சக்கரத்தின் அடியில் ஆப்புக்கட்டை வைத்துச் சமப்படுத்திய பின்னரே இரவு உணவைத் தொடங்குங்கள்.

என் மாமியார் எங்களோடு வந்தபோது, போய்ச் சேர்ந்தவுடன் பக்கவாட்டுத் துணிப்பந்தலை விரித்து, அதன் நிழலில் அவருடைய நாற்காலியை முதலில் போட்டுவிடுவோம். பிள்ளைகள் நீர்மட்டக் குழலை வண்டியின் தரையில் வைத்துக் குமிழி நடுவே வந்துவிட்டதா என்று சத்தமாக அறிவிப்பார்கள். அவர் அங்கிருந்தபடியே, "இன்னும் கொஞ்சம் முன்னால்" என்று எங்களுக்கு உத்தரவிடுவார். காற்று எழுந்தால் மட்டும் அந்தப் பந்தலை உடனே சுருட்டிவிடுங்கள். இரவில் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் அதை விரித்தபடி விட்டு உறங்காதீர்கள்.