பிள்ளையின் ஊசி அட்டையைக் கேட்டால் டாக்டருக்கு என்ன குறைந்துவிடும்?

குளச்சல்காரன்:
நேற்று இங்கே மார்த்தாண்டம் தேனீ எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. கொரோனா ஊரடங்கில் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி விட்டுப்போனதற்குத் தாய்மார்களின் அலட்சியம்தான் காரணமாம், கிளினிக் டாக்டர்களுக்கு இதில் பொறுப்பே இல்லையாம். என் தங்கை மகளுக்கு 2020 ஏப்ரலில் ஒன்பது மாதம் முடிந்தது. தட்டம்மை ரூபெல்லா ஊசி போட வேண்டிய நேரம். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் கொரோனா ஒட்டிக்கொள்ளும் என்று வீட்டில் பயம். அப்புறம் காய்ச்சல், சளி என்று மூன்று தடவை குடும்ப டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். மூன்று தடவையும் மருந்து எழுதித் தந்தார், ஊசி அட்டை எங்கே என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் எங்கள் தெருவே கேட்கும். அரசு இந்த டாக்டர்களைக் கூப்பிட்டுப் பேசி, ஊக்கம் கொடுத்து, கிளினிக்கிலேயே ஊசி போடவும் வைக்க வேண்டும்.

பழைய சிஸ்டர்:
கிளினிக்கிலேயேவா? எந்த பிரிட்ஜில் வைத்து? 31 வருஷம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள் நான். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலும் இன்சுலினும் வைக்கிற பிரிட்ஜில், ஐந்து நோய்களுக்கான பென்டா தடுப்பூசியை ஐஸ் அறைக்குப் பக்கத்தில் வைத்து உறைந்துபோனால் அது வீண். குப்பி லேபிளில் நிறம் மாறும் சதுரம் வெப்பத்தைத்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது. தெரியுமா தம்பி?

குளச்சல்காரன்:
சிஸ்டர், அட்டையைக் கேட்கச் சொன்னேன். அதற்கு பிரிட்ஜ் எதற்கு?

மார்த்தாண்டம் தேனீ:
கிளினிக்கிலேயே போட வேண்டும் என்று எழுதியது யார், நானா? கொரோனா சமயத்தில் குளச்சலில் மீன் வாங்கக் கூட்டம் கூடியபோது ‘ஒன்றும் ஆகாது’ என்று எழுதிய ஆள் இன்று எங்களுக்குச் சுகாதாரம் சொல்லித்தருகிறார்.

குளச்சல்காரன்:
கடலுக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாத வீட்டுக்காரன் எழுதியது அது. உமக்கு ரப்பர் தோட்டம் இருக்கிறது, பேசுவீர்.

அருமனை மாணவி:
அண்ணன்மாரே, சண்டை அப்புறம். களியக்காவிளையில் கேரள எல்லையை மூடியபோது அந்தப் பக்கம் பாறசாலை டாக்டரிடம் போய்வந்த எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் தவித்துப்போயின. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2021 ஜூலையில் தந்த கணக்குப்படி, 2020இல் உலகம் முழுக்க 2.3 கோடிக் குழந்தைகளுக்கு அடிப்படைத் தடுப்பூசிகள் விட்டுப்போயின. 2019ஐவிட 37 லட்சம் அதிகம். இத்தனை தாய்மாருக்கும் ஒரே வருஷத்தில் அலட்சியம் வந்துவிட்டதா?

மார்த்தாண்டம் தேனீ:
நான் நம்ம கன்னியாகுமரி ஜில்லாவைப் பற்றிச் சொன்னேன். உலகக் கணக்கு எனக்கு வேண்டாம்.

பழைய சிஸ்டர்:
கணக்கு இருக்கட்டும், பிரிட்ஜுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயல் ஞாபகம் இருக்கிறதா? நாள்கணக்கில் கரண்ட் இல்லை. முறிந்து கிடந்த ரப்பர் மரங்களைத் தாண்டி மருந்துப் பெட்டியைத் தோளில் சுமந்து ஜெனரேட்டர் இருந்த இடத்துக்குக் கொண்டுபோனவள் நான். கிளினிக் டாக்டர் சுமப்பாரா? தட்டம்மை ரூபெல்லா மருந்தைக் கலந்தால் 4 மணி நேரத்தில் பயன்படுத்தி முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்ட வேண்டும். ஒரு பிள்ளைக்காக, பல பிள்ளைகளுக்கான ஒரு குப்பியை உடைப்பாரா? 2008இல் திருவள்ளூரில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு 4 குழந்தைகள் இறந்தன. அதற்கப்புறம்தான் செவிலியர் மட்டும் இருக்கிற துணை சுகாதார நிலையத்தில் போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றினார்கள். அந்தப் பயம் எங்களுக்குத்தான் தெரியும்.

கோட்டாறு தம்பி:
டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதானே மாற்றினார்கள்? கிளினிக்கில் இருப்பது யார், கம்பவுண்டரா? தனியாரிடம் ஒரு பிள்ளைக்கு ஒரு குப்பி என்றே வருகிறது. நாகர்கோவிலில் எத்தனை குழந்தை டாக்டர்கள் தினமும் போடுகிறார்கள்!

பழைய சிஸ்டர்:
அது காசு கொடுக்கிறவர்களுக்கு. பேச்சிப்பாறை மலைமேல் இருக்கிற பிள்ளைக்கு யார் கொடுப்பார்? புதன்கிழமைதோறும் காத்திருந்து போட்டவர்கள் நாங்கள். ஊரடங்கிலும் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் கணக்கு எடுத்தவர்களும் நாங்கள்தான். அப்போது ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குள் இருந்த டாக்டருக்கு இப்போது ஊக்கத்தொகையா?

குளச்சல்காரன்:
உங்கள் உழைப்பை யார் குறை சொன்னது? சரி, கிளினிக்கில் போட வேண்டாம், விட்டேன். விட்டுப்போன தட்டம்மை ஊசியை 5 வயது வரை போடலாம் என்று என் தங்கைக்கு யாருமே சொல்லவில்லை. கடைசியில் தாமதமாகத்தான் போட்டோம். அந்த டாக்டர் அட்டையை வாங்கிப் பார்த்து, ‘புதன்கிழமை போய்ப் போட்டுவிட்டு வந்து என்னிடம் காட்டு’ என்று சொல்லியிருந்தால் அடுத்த வாரமே போயிருப்பாள். அதைத்தான் கேட்கிறேன்.

மார்த்தாண்டம் தேனீ:
அட்டை உங்கள் வீட்டில்தானே இருந்தது? நீங்கள் ஏன் பார்க்கவில்லை?

குளச்சல்காரன்:
உம்மிடம் பேசவில்லை.

பழைய சிஸ்டர்:
அவரிடம் பேச வேண்டாம், என்னிடம் பேசுங்கள். கரண்ட் போனால் அந்த பிரிட்ஜ் எத்தனை மணி நேரம் தாங்கும்? காலையிலிருந்து கேட்கிறேன்.