சத்தமில்லா ஷட்டரில் விழும் கோடுகள்: ஆலோசனை தேவை

ஞாயிறு ஆராதனையில் நான் எடுக்கும் படங்களுள் ஒன்றோடு ஒரு வேத வசனத்தையும் அதைப் பற்றிய சிறு தியானத்தையும் எழுதிவைப்பது என் பொழுதுபோக்கு. சென்ற மாதம் ஆலயத்தில் எல்இடி விளக்குகள் பொருத்தப்பட்டதிலிருந்து படங்களில் கிடைமட்டமாகக் கருங்கோடுகள் விழுகின்றன.

கேமரா 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி அளவுச் சென்சார் (ஒளியைப் பதியும் சில்லு) கொண்ட மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத) வகை. லென்ஸ் 35 மி.மீ. எஃப்/1.8, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600. ஜெப வேளையில் ஷட்டர் ஒலி பிறருடைய கவனத்தைக் கலைக்கும் என்பதால் எலக்ட்ரானிக் ஷட்டரையே (திரை அசையாமல், சென்சாரே வரிவரியாக ஒளியைப் பதியும் ஒலியற்ற முறை) பயன்படுத்துகிறேன். (படத்துக்காக ஒருவருடைய ஜெபத்தைக் குலைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.) 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும் என்பதால் அந்தத் துடிப்போடு ஒத்துப்போக ஷட்டர் வேகத்தை 1/100, 1/50 நொடி என மாற்றிப் பார்த்தேன். முழு வெளிச்சத்தில் கோடுகள் மறைகின்றன. ஆனால் திருவிருந்தின்போது விளக்குகளை மங்கலாக்கியதும் மீண்டும் தோன்றுகின்றன, 1/50-இல் அசையும் கைகளும் கலங்கிவிடுகின்றன. மெக்கானிக்கல் ஷட்டரில் (திரை அசைந்து ஒலி எழுப்பும் முறை) கோடுகள் பெரும்பாலும் இல்லை. ஃப்ளிக்கர் (விளக்கின் துடிப்பு) தவிர்க்கும் வசதியோ இந்தக் கேமராவில் எலக்ட்ரானிக் ஷட்டருடன் இயங்குவதில்லை. மென்பொருளில் கோடுகளை நீக்கினால் முகங்களின் நிறம் திட்டுத்திட்டாகிறது.

மங்கலாக்கிய எல்இடி ஒளியில், கேமராவை மாற்றாமல், எலக்ட்ரானிக் ஷட்டரிலேயே கோடுகளின்றிப் படமெடுக்க எந்த அமைப்பு உங்களுக்குப் பலன் தந்தது?