சர்வர் ஹேங் ஆனால் ரீஸ்டார்ட் முதலா, த்ரெட் டம்ப் முதலா?

விண்மீன்7:
வணக்கம். டாம்கேட்டில் (ஜாவா வெப் சர்வர்) ஓடும் எங்கள் ஆர்டர் அப்ளிகேஷன் நாலைந்து நாளுக்கு ஒருமுறை ஹேங் ஆகிறது. சிபியு 3 சதவீதம்கூட இல்லை, மெமரியும் ஜிசியும் (மெமரியைச் சுத்தம் செய்யும் வேலை) சாதாரணமாகத்தான் இருக்கு. ஆனால் ஒரு பக்கமும் திறக்காது. 30 வினாடி காத்தும் கனெக்‌ஷன் கிடைக்கவில்லை என்று ஹிகாரி பூலின் (டேட்டாபேஸ் கனெக்‌ஷன்களைத் திறந்து வைத்துப் பகிரும் தொகுப்பு) பிழை லாகில் வரிசையாக விழுகிறது. ரீஸ்டார்ட் பண்ணினால் சரியாகிவிடும், பிறகு திரும்ப வரும். நேற்று ரீஸ்டார்ட்டுக்கு முன்னால் ஒரே ஒரு த்ரெட் டம்ப் (எந்த த்ரெட் எந்த வரியில் நிற்கிறது என்ற பட்டியல்) எடுத்தேன். கோரிக்கைகளைக் கவனிக்கும் 200 எக்ஸெக் த்ரெட்டில் 190 கனெக்‌ஷனுக்காக டைம்டு வெயிட்டிங்கில் (நேர வரம்போடு காத்திருப்பு) நிற்கின்றன. மீதி 10 ரன்னபிள் (ஓடும் நிலை). பிளாக்டு (லாக்குக்காக நிற்பது) ஒன்றுகூட இல்லை, டெட்லாக்கும் (ஒன்றுக்காக ஒன்று காத்து நிற்பது) இல்லை. எங்கே பார்க்கணும்?

தரவுத்தளம்:
இதில் பார்க்க என்ன இருக்கு? ஹிகாரியின் டிஃபால்ட் பூல் சைஸ் 10, டாம்கேட்டின் டிஃபால்ட் த்ரெட் 200. பத்து கனெக்‌ஷனும் வேலையில் இருக்கு, அதனால்தான் பத்து ரன்னபிள். பூலை 100 ஆக்குங்க. எங்கள் புராஜெக்டில் இதையேதான் செய்தோம், வாரம் ஒருமுறை வந்த பிரச்சினை இப்போ எப்போதாவதுதான் வருது.

குறிநிரல்:
ரன்னபிள் என்று இருந்தால் வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, நண்பரே. எதிர்முனையின் பதிலுக்காக சாக்கெட் ரீட்டில் உட்கார்ந்திருக்கும் த்ரெட்டையும் ஜேவிஎம் (ஜாவாவை ஓட்டும் எஞ்சின்) ரன்னபிள் என்றுதான் எழுதும். பத்து த்ரெட் உண்மையிலேயே ஓடினால் சிபியு 3 சதவீதத்தில் நிற்குமா? அந்த 190 வரிசையில் நிற்பவை. கவுன்ட்டரை மறித்துக்கொண்டு நிற்பவை இந்தப் பத்துதான். விண்மீன், பத்தில் ஒன்றின் ஸ்டாக்கை (எது எதை அழைத்தது என்ற அடுக்கு) கீழிருந்து மேலாக எழுதுங்க.

விண்மீன்7:
எக்ஸெக்-47, கீழிருந்து மேலாக:
ஆர்டர் கன்ட்ரோலர்
டிரான்சாக்‌ஷன் இன்டர்செப்டர்
ஆர்டர் சர்வீஸ், சேவ்
பேமென்ட் கிளையன்ட், போஸ்ட்
ஹெச்டிடிபி யுஆர்எல் கனெக்‌ஷன்
சாக்கெட் ரீட்
மற்ற ஒன்பதும் அச்சு அசலாக இதேதான்.

குறிநிரல்:
இரண்டாவது வரியையும் நான்காவது வரியையும் சேர்த்துப் பாருங்க. டிரான்சாக்‌ஷன் திறந்து, கனெக்‌ஷனைக் கையில் பிடித்துக்கொண்டே பேமென்ட் சர்வரிடம் கேட்கப் போயிருக்கிறது. ஹெச்டிடிபி யுஆர்எல் கனெக்‌ஷனில் ரீட் டைம்அவுட் டிஃபால்ட்டாக 0. அதாவது வரம்பே இல்லை. எதிர்ப்பக்கம் பதில் சொல்ல மறந்த ஒவ்வொரு தடவையும் ஒரு கனெக்‌ஷன் திரும்பி வராது. பத்தாவது போனதும் சைட் படுத்துவிடும். நாலைந்து நாள் கணக்கு இப்படித்தான் வருகிறது.

பூலை 100 ஆக்கினால் நூறாவது தொங்கும்வரை தள்ளிப்போகும், அவ்வளவுதான். தரவுத்தளம், உங்களுக்கு 'எப்போதாவது' வருவதும் இதனால்தானா என்று அடுத்த முறை பாருங்க. இன்னொன்று: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் மொத்தக் கனெக்‌ஷன் வரம்பே டிஃபால்ட்டாக 100. இரண்டு இன்ஸ்டன்ஸ் ஓடினால் ஆளுக்கு 100 எங்கிருந்து வரும்?

ஒரே டம்பை வைத்து முழுசாகத் தீர்ப்பு சொல்லவும் முடியாது, அது ஒரு போட்டோ மாதிரி. 10 வினாடி இடைவெளியில் மூன்று எடுங்க. ஜேடிகே (ஜாவா) 11 முதல் த்ரெட்டின் தலைப்பு வரியிலேயே சிபியு (த்ரெட் ஓடிய நேரம்), எலாப்ஸ்டு (தொடங்கியதிலிருந்து கடந்த நேரம்) என்று இரண்டு எண்கள் வரும். எலாப்ஸ்டு 20 வினாடி கூடியும் சிபியு அசையவில்லை, ஸ்டாக்கும் அதே என்றால் சிக்கிக்கொண்டது. ஸ்டாக் மாறினால் வெறும் மெதுவோட்டம், அதற்கு வைத்தியம் வேறு.

இரவுக்காவல்:
படிக்க நல்லாத்தான் இருக்கு. ராத்திரி 2 மணிக்குப் போன் அடிக்கும்போது எனக்கு முக்கியம் சைட் எழுந்திருப்பது மட்டும்தான். வெளியே ஆட்கள் ஆர்டர் போட முடியாமல் நிற்கிறாங்க. ஒருதடவை ஜேஸ்டாக் (டம்ப் எடுக்கும் கட்டளை) அடித்துவிட்டு அது பதில் சொல்லாமல் ஐந்து நிமிஷம் போச்சு, அந்த ஐந்து நிமிஷத்துக்கு நான்தான் பதில் சொன்னேன். குபெர்னெட்டிஸ் (கன்டெய்னர்களை நிர்வகிப்பது) என்றால் கேட்கவே வேண்டாம், நான் லாகின் ஆவதற்குள் லைவ்னெஸ் புரோப் (உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) கன்டெய்னரையே கொன்றிருக்கும். மானிட்டரிங் கிராஃப் இருக்கே, காலையில் அதைப் பார்த்தால் போதாதா?

குறிநிரல்:
பூல் நிரம்பியது என்று கிராஃப் சொல்லும். யார் நிரப்பியது, எந்த வரியில் நிற்கிறார் என்று சொல்லாது. அது அந்த பிராசஸுக்குள் மட்டும்தான் இருக்கு, ரீஸ்டார்ட்டோடு அழிந்துவிடும். இருந்தாலும் உங்கள் ஐந்து நிமிஷம் நியாயமான வலி. அதனால் யோசித்து அடிக்கும் வேலையாக இதை வைக்காதீங்க. ரீஸ்டார்ட் ஸ்கிரிப்ட்டின் தலையிலேயே 10 வினாடி இடைவெளியில் மூன்று 'கில் -3' (டம்ப் எழுதச் சொல்லும் சிக்னல்) போட்டுவிடுங்க. கில் என்ற பேரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஜாவா பிராசஸ் சாகாது, டம்ப் டாம்கேட்டின் லாக் ஃபைலான கேட்டலினா அவுட்டில் விழும். கூடுவது 20 வினாடி. கன்டெய்னரில் 1-ஆம் பிராசஸ் ஜாவாவே என்றால் இதையே பிரீஸ்டாப் ஹுக்கில் (கன்டெய்னரை நிறுத்துவதற்கு முன் ஓடும் கட்டளை) வைக்கலாம், லைவ்னெஸ் புரோப் கொல்லும்போதும் அது ஓடும். டிஃபால்ட் அவகாசம் 30 வினாடி, அதற்குள் முடிந்துவிடும். இரண்டு இன்ஸ்டன்ஸ் இருந்தால் சிக்கியதை லோட் பேலன்சரிலிருந்து (கோரிக்கைகளைப் பிரித்து அனுப்புவது) கழற்றி உயிரோடு வைத்துக்கொண்டு நிதானமாகவே பார்க்கலாம்.

இரவுக்காவல்:
ஸ்கிரிப்ட்டுக்குள் என்றால் சரி. 20 வினாடிக்கு மேல் ஒரு வினாடி தரமாட்டேன்.

தரவுத்தளம்:
பூல் விஷயத்தில் நான் சொன்னது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டைம்அவுட் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 5 வினாடியில் வெட்டினால், பணம் பிடித்தார்களா இல்லையா என்று நமக்கு எப்படித் தெரியும்?

குறிநிரல்:
சரியான கேள்வி. அதனால்தான் ஆர்டர் எண்ணையே சாவியாக அனுப்பி, வெட்டுப்பட்டால் அதே எண்ணை வைத்து நிலையைக் கேட்கணும். பேமென்ட் அழைப்பை டிரான்சாக்‌ஷனுக்கு வெளியேயும் எடுத்துவிடணும். ஆனால் இதையும் பாருங்க: ஒவ்வொரு ரீஸ்டார்ட்டும் அந்தப் பத்து அழைப்பையும் நடுவில்தானே வெட்டியது? டிரான்சாக்‌ஷனும் ரோல்பேக் ஆகியிருக்கும், அதாவது பாதியில் பதிந்தது அழிந்திருக்கும்.

விண்மீன்7:
இதைப் படித்ததும் போய்த் தேடினேன். எங்கள் லாகில் த்ரெட் பெயரும் பதிவாகும், அதனால் டம்பில் இருந்த எக்ஸெக்-47 முதலான பத்துக்கும் உரிய ஆர்டர் எண்கள் கிடைத்தன. பேமென்ட் பக்கத்தில் சரிபார்த்தால் பத்தில் மூன்றுக்குப் பணம் பிடித்திருக்கிறது, எங்கள் பக்கம் ஆர்டரே இல்லை. அந்த மூன்று பேருக்கும் பணம் திருப்ப இப்போதுதான் விண்ணப்பம் போட்டேன். அதற்கு முந்தைய ரீஸ்டார்ட் எதற்கும் என்னிடம் டம்ப் இல்லை.