புதுப்பிப்பு: மாடி ஏறினா மூச்சு வாங்குது, ஈசிஜி நார்மல்னு கேட்டிருந்தேன், காரணம் இதய வால்வு

அப்பாவுக்காக இங்க கேட்டப்ப பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி. "ஸ்டெதஸ்கோப் வெச்சு மர்மர் (இதயத் துடிப்போட சேர்ந்து கேக்கற இரைச்சல்) இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, இருந்தா எக்கோ (இதயத்தோட அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) எடுங்க"ன்னு ஒருத்தர் சொன்னதுதான் கைகொடுத்துச்சு. குடும்ப டாக்டர் சட்டையைக் கழட்டச் சொல்லி நெஞ்செலும்புக்கு வலது பக்கம் மேல வெச்சுக் கேட்டாங்க, அப்புறம் கழுத்துலயும் வெச்சாங்க, அங்கயும் அதே சத்தம், உடனே எக்கோவுக்கு எழுதிட்டாங்க. அதுல தெரிஞ்சது, அயோர்ட்டிக் வால்வு (இதயத்துலேந்து உடம்புக்கு ரத்தம் போற வழியில இருக்கறது) சுருங்கியிருக்கு, அது வழியா ரத்தம் பாயுற வேகம் நொடிக்கு 4 மீட்டருக்கு மேல, அதாவது சிவியர். வால்வு இவ்வளவு கெட்டிருந்தாலும் ஈசிஜி நார்மலா இருக்கலாமாம், இதே பிரச்னையைத் தேடி இங்க வர்றவங்க இதை தயவுசெஞ்சு கவனிங்க. வால்வு மாத்தணும், ஓப்பன் சர்ஜரியா தொடை ரத்தக்குழாய் வழியாவான்னு கார்டியாலஜி டீம் பேசிட்டிருக்காங்க.

எதிர்பார்க்காதது ரெண்டு. "எனக்கு ஒண்ணும் இல்ல"ன்னே சொல்லிட்டிருந்த அப்பா நடக்கறதையே கொஞ்சம் கொஞ்சமா குறைச்சிருக்கார், "போன வருஷம் செஞ்சதுல இப்ப எதை விட்டுட்டீங்க"ன்னு டாக்டர் கேட்டப்பதான் அது வெளிய வந்துச்சு, எவ்வளவு நல்ல கேள்வி. இன்னொண்ணு, அவருக்கு அந்த வால்வுல பிறவியிலயே மூணு இதழுக்குப் பதிலா ரெண்டுதானாம், இது குடும்பத்துல வரலாம்ங்கறதால எனக்கும் தம்பிக்கும் எக்கோ எழுதியிருக்காங்க. எனக்கு எடுத்தாச்சு, நார்மல். தம்பிக்கு இன்னும் எடுக்கல.