ஜாவாஸ்கிரிப்ட் லூப்பை ஃபங்ஷனுக்குள்ள போட்டும் வேகம் கூடல, உதவுங்க

கமா_காணோம்: அவசரம். 0ல இருந்து 10 கோடி வரைக்கும் கூட்டுற லூப். எல்லா ஃபங்ஷனுக்கும் வெளிய, குளோபல்ல இருந்தா மெதுவு, ஃபங்ஷனுக்குள்ள போடுன்னாங்க. போட்டாச்சு, பெருசா மாற்றம் இல்ல. ஏன்?

பிழைதேடி: குரோம் பிரவுசரா, பிரவுசர் இல்லாம ஓட்டற நோடா? மாறியை அறிவிச்சது வார்லயா, லெட்லயா? கோட் போடுங்க. நோட்ல காமன்ஜேஎஸ்ங்கற மாட்யூல் முறைல ஃபைல் முழுசையும் ஒரு ஃபங்ஷன் சுத்தியிருக்கும், மேல எழுதின வார்கூட குளோபல் ஆகாது. பிரவுசர் ஸ்கிரிப்ட்ல அதே வரி குளோபல் ஆப்ஜெக்டான விண்டோவோட ப்ராப்பர்ட்டி ஆயிடும்.

அடுக்குமாடி: ஸ்கோப் செயின், அதாவது உள் ஃபங்ஷன்ல இருந்து குளோபல் வரைக்கும் மாறியைத் தேடற வரிசைதான் காரணம். ஒவ்வொரு சுத்துக்கும் படிப்படியா மேல ஏறித் தேடுது.

மூத்தநிரலி: இன்னும் இதையே சொல்லிட்டிருக்கீங்களா? எத்தனை படி மேலன்னு வி8 (குரோம், நோட் ரெண்டுலயும் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டற இன்ஜின்) கம்பைல் பண்றப்பவே முடிவு பண்ணிடும், நேரடி ஈவல் (சரத்தை கோடா ஓட்டறது), வித் மாதிரி இருந்தாத்தான் சிக்கல். குளோபலோட இடத்தை இன்லைன் கேஷ்ங்கற குறிப்பு நினைவு வெச்சுக்கும். அடிப்படையைப் படிச்சிட்டு வாங்க.

அரைப்புள்ளி: ஃபங்ஷனை ஒரே தடவைதானே கூப்பிடறீங்க? அதான் ஜிட் (ஓடும்போதே கோடை வேகமாக்கற கம்பைலர்) கண்டுக்கல.

பிழைதேடி: இல்லங்க, லூப் நிறைய தடவை சுத்தி சூடானா, ஓடிட்டிருக்கும்போதே ஆப்டிமைஸ் ஆன கோடுக்கு மாறிடும். ஆன்-ஸ்டாக் ரீப்ளேஸ்மென்ட், சுருக்கமா ஓஎஸ்ஆர்னு பேரு.

கமா_காணோம்: குரோம். வார் டோட்டல் வெளியதான் இருக்கு, கடைசில பிரிண்ட் பண்ணணும்ல.

பிழைதேடி: அதுதான் கோளாறு. 64 பிட் குரோம்ல, தனிப் பெட்டி இல்லாம நேரா வெச்சுக்கற சின்ன முழு எண்ணோட உச்சம் 1073741823. உங்க லூப்ல சுத்தை எண்ணற மாறி ஐ 46341 ஆகும்போதே தொகை 1073767311, அதைத் தாண்டியாச்சு. அதுக்கப்புறம் குளோபல் வார்ல எழுதற ஒவ்வொரு தடவையும் ஹீப்ல (பொது மெமரில) புதுசா ஒரு எண் பெட்டி எடுக்கணும், பழசைக் குப்பை அள்ளணும். உள்ளூர் மாறியா இருந்தா சிபியு ரெஜிஸ்டர்லயே கூட்டி முடிச்சிடும். டோட்டலை உள்ள அறிவிச்சு ரிட்டர்ன் பண்ணுங்க. ஐக்கு முன்னால வாரோ லெட்டோ இருக்கான்னும் பாருங்க. விட்டுப்போனா ஃபங்ஷனுக்குள்ள இருந்தும் அது குளோபல்தான். யூஸ் ஸ்ட்ரிக்ட் போட்டா ரெஃபரன்ஸ் எரர் காட்டிக்குடுத்துடும்.

அடுக்குமாடி: வெளியவே லெட் போட்டாலும் விண்டோல ஒட்டாதே, போதாதா?

மூத்தநிரலி: ஒட்டாது, ஆனா அதுவும் மெமரில ஒரு இடம்தான், ரெஜிஸ்டர் இல்ல. 2025ல வி8 மாத்தினது, ஸ்கிரிப்ட் மட்டத்து லெட்ல எண் மாறிட்டே இருந்தா அதே பெட்டிக்குள்ள எழுதறது மட்டும்தான்.

அரைப்புள்ளி: எப்படியும் லெட் மெதுவு. தொடும்போதெல்லாம் அறிவிச்சாச்சான்னு சோதிக்கணுமே.

மூத்தநிரலி: அறிவிச்ச வரிக்குக் கீழ அதே ஃபங்ஷன்ல நேரா பயன்படுத்தினா அந்தச் சோதனையை கம்பைலரே தூக்கிடும். குளோஷர், அதாவது உள் ஃபங்ஷன், பிடிச்சு வெச்சிருக்கிற வெளி மாறில வேணும்னா பேசலாம்.

கமா_காணோம்: டோட்டல் உள்ள போயாச்சு. சட்டுன்னு முடியுது. நன்றி.

அரைப்புள்ளி: என் கோட்ல எல்லாமே குளோஷர்தான், அதைத்தான் சொல்றேன்.