வெயிலில் பலூன் வெடிப்பது ஏன்?

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்கு இரவு ஏசி அறையில் 40 பலூன் விறைப்பாக ஊதி வைத்தேன். காலையில் வெளியே வெயிலில் கட்டினால், ஒரு மணி நேரத்தில் 11 போய்விட்டன. பெரும்பாலும் கருநீலம். வெள்ளை ஒன்றுகூட வெடிக்கவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் குழந்தை அழுதாள், மனசே கேட்கவில்லை. என்ன காரணம்?

பதில்: சூடானால் காற்று விரியும். 20 டிகிரியிலிருந்து 40க்குப் போனாலே கன அளவு ஏறக்குறைய 7 சதவீதம் கூடும். ஏற்கெனவே விறைத்த ரப்பருக்கு மேலும் நீள இடமில்லை. அடர்நிறம் வெயிலை அதிகம் உறிஞ்சுவதால் அதற்குள் சூடும் அதிகம்.

பதில்: வெயில் ரப்பரையும் நலிய வைக்கும். பளபளப்பு போய், மாவு பூசியதுபோல் மங்கியிருந்ததா?

கேட்டவர்: ஆமாம், அப்படியேதான்!

பதில்: சரி, அடுத்த முறை முழுதாக ஊதிவிட்டுக் கொஞ்சம் காற்றை வெளியேற்றி முடிச்சுப் போடுங்கள். கழுத்துப் பக்கம் பேரிக்காய்போல் நீண்டிருந்தால் அதிகம் ஊதிவிட்டீர்கள். அப்புறம், நிழலில் கட்டுங்கள்.